ரசீதின் அடியில் ஒரு சம்பளம்

2008 செப்டம்பரில் நியூஜெர்சியின் எடிசனுக்கு வந்து இறங்கியபோது என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது எச்-4 விசா. கணவருக்கு எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்தவள். அந்த விசாவில் வீட்டில் இருக்கலாம், படிக்கலாம், பிள்ளை பெறலாம், கோயிலில் பிரசாதம் பொட்டலம் கட்டலாம். சம்பளத்துக்கு ஒரு வேலை மட்டும் பார்க்கக் கூடாது. கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பேரேடு பார்த்துக்கொண்டிருந்தவள் நான். மார்ச் மாதம் வந்தால் ராத்திரி ஒன்பதுக்கு முன்னால் வீடு திரும்பியதில்லை. இங்கே காலை எட்டரைக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் மிச்சமிருந்த நாள் முழுவதும் என்னுடையது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நான் வந்த மாதமே லேமன் பிரதர்ஸ் திவாலானது. கணவர் வேலை பார்த்த புராஜெக்ட் ஒரு வங்கியினுடையது. ‘இந்த மாசம் தாண்டினா பரவால்ல’ என்று ஒவ்வொரு மாதமும் சொல்வார். அரிசி விலையும் அந்த வருஷம் கன்னாபின்னாவென்று ஏறிக் கிடந்தது. இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியிருந்த சமயம் அது. ஏப்ரலில் சாம்ஸ் கிளப் போன்ற பெரிய கடைகளே ஆளுக்கு இத்தனை மூட்டைதான் என்று கட்டுப்பாடு வைத்தன என்று முன்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையின் விலைச்சீட்டைப் பார்த்து, டாலரை ரூபாயாக மாற்றி, மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்த பெண்களில் நானும் ஒருத்தி. ரூபாயாக மாற்றிப் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் ஆறு மாதத்தில் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. சம்பாதிக்கிறவர்களுக்குப் போகும் போல.

கடையில் விலையைக் குறைக்கிற கூப்பனை எனக்கு அறிமுகப்படுத்தியது பக்கத்து அபார்ட்மென்டில் தனியாக இருந்த வெள்ளைக்காரப் பாட்டி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்-லெட்ஜர் பேப்பரை வாசலிலிருந்து எடுத்து, செய்தித் தாள்களை அப்படியே என்னிடம் நீட்டிவிட்டு, நடுவிலிருந்த வழவழப்பான வண்ணக் கூப்பன் கட்டை மட்டும் உருவி மடியில் வைத்துக்கொண்டார். ‘பேப்பர் உனக்கு, பணம் எனக்கு’ என்றார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. மறு வாரம் இரண்டு பேப்பர் வாங்கச் சொன்னார். கத்தரிக்கோலும் வைத்திருந்தார், தையற்காரர் கத்தரி மாதிரி கனமானது. அவர் மேஜையில் உட்கார்ந்து புள்ளிக்கோட்டின் மேல் வெட்டப் பழகினேன்.

நம் ஊரில் சோப்பு உறையிலேயே எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும். அதற்கு மேல் ஒரு காசு கேட்டால் சண்டை போடலாம். இங்கே அப்படி ஒரு விலையே கிடையாது. கடைக்காரன் ஒட்டுவதுதான் விலை, அதுவும் வாராவாரம் மாறும். இந்த வாரம் 2.99 டாலருக்கு நிற்கிற பற்பசை இரண்டு வாரம் கழித்து 1.49-க்கு வரும். மறுபடி ஏறும். ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று. பாட்டியின் பாடம் இதுதான்: கூப்பன் கையில் கிடைத்த அன்று கடைக்கு ஓடாதே. விலை இறங்குகிற வாரம் வரைக்கும் அதைப் பத்திரமாக வைத்திரு. எங்கள் ஷாப்ரைட் சூப்பர்மார்க்கெட்டில் அப்போது 99 சென்ட் வரைக்குமான கூப்பனை இரட்டிப்பாக்கிக் கொடுப்பார்கள். 75 சென்ட் கூப்பன் ஒன்றரை டாலர் ஆகிவிடும். 1.49-க்கு இறங்கியிருக்கும் பற்பசையின் மேல் அதைப் போட்டால் பற்பசை சும்மா. மிச்சம் ஒரு சென்டைக் கையில் தர மாட்டார்கள், அவ்வளவுதான்.

எதையெல்லாம் இரட்டிப்பாக்குவார்கள் என்பதற்குக் குறி ஒன்று உண்டு. பழைய கூப்பன்களின் பார்கோடு 5 என்ற எண்ணில் தொடங்கினால் மெஷின் தானாகவே இரட்டிப்பாக்கும், 9-ல் தொடங்கினால் ஆக்காது. இதைப் பாட்டி சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தது. எந்தக் கூப்பன் இரட்டித்தது, எது இரட்டிக்கவில்லை என்று ரசீதையும் மறு பேப்பரிலிருந்த அதே கூப்பனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் போட்டுக்கொண்டே வந்தபோது பிடிபட்டது. ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் சரிபார்த்த கை அல்லவா. கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கணவரிடம் சொன்னேன். ‘நல்லதாப் போச்சு’ என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். பாட்டியிடம் சொன்னேன். முப்பது வருஷமாக வெட்டி வந்தவர், எழுந்து போய்த் தன் கூப்பன் டப்பாவைக் கொண்டுவந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பேஸ்பால் அட்டைகள் செருகி வைக்கிற பிளாஸ்டிக் தாள்கள் ஒன்பது அறைகளோடு கிடைக்கும். அதை வாங்கித் தடிமனான ஒரு ஃபைலில் கோத்தேன். பல், தலை, துணி, பாத்திரம், டயப்பர், டப்பா உணவு என்று பிரிவுகள். ஒவ்வோர் அறையிலும் முதலில் காலாவதியாவது முன்னால். சி.வி.எஸ்., வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடைகள் இரண்டிலும் அப்போது வேறொரு கணக்கு. இந்தப் பொருளை வாங்கினால் அடுத்த முறை செலவழிக்க இத்தனை டாலர் என்று ரசீதோடு சீட்டு வரும். அந்தச் சீட்டில் அடுத்த பொருள், அதற்கும் ஒரு சீட்டு. உருட்டிக்கொண்டே போகலாம். கம்பெனி கூப்பனையும் கடைக் கூப்பனையும் ஒரே பொருளின் மேல் போடலாம், ஆனால் இரண்டு கம்பெனி கூப்பன் போட முடியாது. விலை இறக்கிய பொருள் தீர்ந்துபோயிருந்தால் ‘ரெயின் செக்’ எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், சரக்கு வந்ததும் பழைய விலைக்கே கொடுப்பார்கள். வரியில்கூட ஒரு நுணுக்கம் இருந்தது. நியூஜெர்சியில் மளிகைக்கு விற்பனை வரி கிடையாது, ஷாம்புவுக்கு உண்டு. அப்போது 7 சதவீதம். கடை கொடுக்கிற கூப்பன் என்றால் கழித்த விலைக்குத்தான் வரி. கம்பெனி கூப்பன் என்றால் முழு விலைக்கும் வரி, ஏனென்றால் கழித்த பணம் கம்பெனியிலிருந்து கடைக்குத் திரும்ப வந்துவிடுகிறது. அதனால் சும்மா கிடைத்த ஷாம்புவுக்கும் சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும். சில்லறையைப் பர்ஸின் வெளி ஜிப்பில் தனியாக வைத்திருப்பேன்.

கூப்பனின் கீழே எறும்பு எழுத்தில், இதன் ரொக்க மதிப்பு ஒரு சென்டில் நூறில் ஒரு பங்கு என்று போட்டிருக்கும். அந்தக் காலத்தில் கடைகள் கொடுத்துவந்த சேமிப்பு ஸ்டாம்புகளைக் கட்டுப்படுத்தச் சில மாநிலங்கள் போட்ட சட்டத்தின் மிச்சம் அது. ஏதாவது ஒரு ரொக்க மதிப்பு இருந்தாக வேண்டும் என்பதால் இருக்கிறதிலேயே அற்பமான ஒன்றை அச்சடிக்கிறார்கள். கடை வாங்கிக்கொண்ட ஒவ்வொரு கூப்பனுக்கும் அதன் மதிப்போடு கையாளும் கூலி என்று 8 சென்ட் கம்பெனி கொடுக்கும். நாங்கள் ஆசை ஆசையாக வெட்டிய துண்டுகளெல்லாம் மூட்டை கட்டி அனுப்பப்பட்டு, அதில் பெரும்பகுதி மெக்சிகோ எல்லையோர ஊர்களில் ஆள் வைத்து எண்ணப்பட்டது என்று பின்னால் படித்தேன். அங்கே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்குச் சம்பளம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அற்பமான பொறாமைதான்.

கோகோ கோலா 1880களின் கடைசியில் ஒரு கிளாஸ் இலவசம் என்று சீட்டு கொடுத்ததிலிருந்து இந்தப் பழக்கம் அமெரிக்காவில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து கடைக்குத் திரும்பி வரும் கூப்பன்கள் பொதுவாகக் குறைந்துகொண்டே வந்தன. 2009-ல் அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறி 300 கோடியைத் தாண்டியது. வேலை போனவர்கள், போய்விடுமோ என்று பயந்தவர்கள் எல்லோரும் கத்தரியை எடுத்த வருஷம். எங்கள் மகள் பிறந்ததும் அந்த வருஷம்தான். டயப்பர் கூப்பன்களை நான் பார்த்த பார்வையை அவள் ஜாதகத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது அந்த ரசீதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடியில் கட்டத்துக்குள், ‘இன்று நீங்கள் சேமித்தது’ என்று ஒரு தொகை போட்டிருக்கும். அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கொடுத்த தொகை அதற்கு மேலே இருக்கும், அதன் மேல் கண் போகாது. வீட்டுக்கு வந்ததும் சேமித்த தொகையை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். மாதக் கடைசியில் கூட்டுவேன். கூட்டி வந்த தொகையைக் கணவரிடம் சொல்கிறபோது, ‘இந்த மாசம் மிச்சம்’ என்று சொல்ல மாட்டேன். ‘இந்த மாசம் எனக்கு இவ்வளவு’ என்பேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. எனக்கே வெகுநாள் கவனத்துக்கு வரவில்லை. ஊரில் இருந்தபோது சம்பளக் கவரை அம்மாவிடம் கொடுப்பேன், அவர் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்துச் செலவு செய்வார். இங்கே அந்த நோட்டுதான் கவர். சில மாதங்களில் 200 டாலருக்கு மேல்கூட வந்தது. மணிக்கு என்ன கூலி விழுகிறது என்று ஒரு தடவை வகுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஒருநாள் ஒரு கடையில் வரிசையில் நிற்கிறேன். பில் போடுகிற பெண் ஒவ்வொரு கூப்பனையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தாள். அளவு சரியில்லை என்று இரண்டைத் தள்ளினாள். அளவு சரிதான் என்று பாட்டிலைத் திருப்பி அவுன்ஸைக் காட்டினேன். மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் வருவதற்குள் எனக்குப் பின்னால் ஐந்தாறு வண்டிகள். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் அடிக்கடி பார்க்கிற ஓர் அக்கா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி நின்றோம். மேனேஜர் வந்து ‘போட்டுக் கொடு’ என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு ஷாம்பு, மொத்தம் ஏதோ நான்கு டாலர். தமிழ்ச் சனத்துக்குள் இது ‘அல்பத்தனம்’ என்றுதான் பெயர். ஆடிக் கழிவுக்குத் தி.நகரில் மிதிபட்டுச் சேலை எடுத்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த சனிக்கிழமை கோயில் கேன்டீனில் புளியோதரை வாங்கிக்கொண்டிருக்கும்போது அந்த அக்கா பக்கத்தில் வந்தார். ‘ஏம்மா, அந்த ஷாம்பு மிச்சம் இருக்கா? அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்’ என்றார். நாலு கொடுத்தேன்.

ஊருக்குப் போவதுதான் இந்த வியாபாரத்தின் இன்னொரு முனை. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கச் சும்மா வந்த சோப்பு, சும்மா வந்த பற்பசை, சும்மா வந்த லோஷன் என்று அடுக்கிக் கொண்டு போனேன். அம்மா பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘கோல்கேட்டையாடி அங்கேர்ந்து பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் பெட்டியில வச்சுக் கொண்டு வந்திருக்க? தெருமுனைப் பொட்டிக்கடையில சரம் சரமாத் தொங்குது.’ ஆனால் சோப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். வந்தவர் போனவருக்கெல்லாம் ‘எம் பொண்ணு அமெரிக்காவிலேர்ந்து கொண்டாந்தது’ என்று கொடுத்தார். காசு கொடுத்து வாங்கவில்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெருமையாகக்கூட இருந்திருக்கும் அவருக்கு. காய்கறிக்காரரிடம் கொசுறு கறிவேப்பிலையோடு விடாமல் இரண்டு பச்சை மிளகாயும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்.

இதில் பணம் மிச்சமானதா என்று கேட்டால், ஆனது, சில விஷயங்களில். டயப்பர், துணி சோப்பு, பற்பசை, ஷாம்பு, டிஷ்யூ, பாத்திரம் கழுவுகிற திரவம், இவற்றுக்கெல்லாம் பல வருஷம் நாங்கள் ஏறக்குறையக் காசே கொடுக்கவில்லை. ஜனவரியில் ஷாப்ரைட்டில் ‘கேன் கேன்’ என்று ஒரு தள்ளுபடி நடக்கும், 1971-லிருந்து வருஷா வருஷம். டப்பா கொண்டைக்கடலையை அப்போது வாங்கி அடுக்கிவிட்டால் நவராத்திரி வரைக்கும் வரும். டப்பாவைத் திறந்து அந்த நுரைத் தண்ணீரை வடித்து மூன்று தடவை அலசித் தேங்காய் போட்டுத் தாளித்தால் சுண்டல் ரெடி. உப்பு மட்டும் போடக் கூடாது, அதிலேயே இருக்கிறது. கொலு பார்க்க வந்த மாமி ஒருவர், எத்தனை மணி நேரம் ஊற வைத்தாய், இப்படிப் பூவாக வெந்திருக்கிறதே என்று கேட்டார். ‘ராத்திரி முழுக்க மாமி’ என்றேன்.

ஆனால் கூப்பன் எதற்கெல்லாம் வரும் என்று பாருங்கள். பிராண்டு பெயர் உள்ள பொருளுக்கு வரும். புதிதாகச் சந்தைக்கு விட்ட பொருளுக்கு வரும். போட்டிக் கம்பெனியிடமிருந்து உங்களை இழுப்பதற்கு வரும். கத்தரிக்காய்க்கு வராது, வெங்காயத்துக்கு வராது. துவரம்பருப்பு, புளி, நல்லெண்ணெய், பொன்னி அரிசி, பாலுக்கு வராது. நாங்கள் சைவம். எங்கள் சமையலறைக்கு உள்ளே போகிறதில் முக்கால்வாசிக்கு இந்த ஃபைலில் இடமே இல்லை. நன்றித் திருநாளுக்கு முன்னால் இத்தனை டாலருக்கு வாங்கினால் ஒரு வான்கோழி இலவசம் என்று சீட்டு வரும். அதற்கு எங்கள் செலவு ஒவ்வொரு வருஷமும் கரெக்டாக எட்டிவிடும். சீட்டைப் பாட்டியிடம் கொடுப்பேன், பாட்டி பூசணி ரொட்டி செய்து கொடுப்பார்.

அலமாரி நிறைய நிறையச் சாப்பாடு மாறிக்கொண்டு வந்தது. மஞ்சள் கடுகு சாஸ் சும்மா கிடைத்தது என்று எட்டு பாட்டில் இருந்தது. கடுகை எண்ணெயில் போட்டு வெடிக்க விடுகிற குடும்பத்தில் அதை யார் தொடுவார்கள்? அதையாவது கொட்டிவிடலாம். காலைச் சாப்பாட்டுக்கான சீரியல் டப்பாக்கள்தான் உண்மையிலேயே வேலையைக் காட்டின. சீரியலுக்கு எப்போதும் கூப்பன் உண்டு. ஒரு டாலருக்குக் கீழே கிடைத்தால் யார் விடுவார்கள்? மகளுக்கு மூன்று வயதானபோது காலையில் இட்லித் தட்டை நீட்டினால் அந்தக் கலர் டப்பாவைக் கை காட்டுவாள். வாரத்துக்கு இரண்டு முறை அரைத்த மாவு ஒருமுறை ஆகி, பிறகு விருந்தாளி வந்தால் என்று ஆனது. கிரைண்டர் கவுன்டரிலிருந்து மேல் அலமாரிக்குப் போய்விட்டது. சீரியலுக்கு ஊற்ற வாரத்துக்கு ஒரு கேலன் பால் கூடுதலாக வாங்கினோம். அதற்குக் கூப்பன் கிடையாது.

2012 வருமான வரிக்காகக் கணவர் கிரெடிட் கார்டு கணக்கையெல்லாம் எடுத்து வைத்தபோது, பொழுது போகாமல் மளிகைச் செலவை மட்டும் தனியாகக் கூட்டினேன். 2009-லிருந்து 2012 வரை, மாதச் செலவு 400 டாலரைச் சுற்றியே நின்றது. என் நோட்டில் ‘சேமித்தது’ வருஷா வருஷம் ஏறியிருந்தது. செலவு இறங்கவில்லை. விலைவாசி ஏறியது, பிள்ளை வளர்ந்தது என்று காரணம் சொல்லலாம். ஆனால் வரவுக்கும் பற்றுக்கும் பக்கம் தெரிந்தவளுக்கு அந்த இரண்டு கணக்கும் எதைச் சொல்கின்றன என்று தெரியும். வாங்கியிருக்கவே வேண்டாத பொருளின் மேல் கழித்த தொகை எந்தப் பேரேட்டிலும் வரவாக ஏறாது. ஆடிட்டர் சார் பார்த்திருந்தால் சிவப்புப் பேனாவில் சுழித்திருப்பார். எனக்கு அது அதிர்ச்சியாக இல்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். தெரிந்தேதான் நோட்டை எழுதிவந்திருக்கிறேன் போல. அந்தத் தொகை எனக்குத் தேவைப்பட்டது, குடும்பத்துக்கு அல்ல.

அந்த 2012-ல்தான் ஜே.சி.பென்னி என்ற பெரிய துணிக்கடையின் கதை நடந்தது. ஆப்பிள் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன் அங்கே தலைமைக்கு வந்து, கூப்பனும் வேண்டாம் தள்ளுபடியும் வேண்டாம், எல்லா நாளும் நியாயமான ஒரே விலை என்று அறிவித்தார். கணக்குப் போட்டால் பல பொருளுக்கு அந்த விலை பழைய தள்ளுபடி விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஜனங்கள் கடைப்பக்கமே போகவில்லை. ஒரே வருஷத்தில் விற்பனை ஏறக்குறைய கால்வாசி விழுந்தது. 2013 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டார்கள், கூப்பனும் திரும்பி வந்தது. பொருளாதாரப் பத்திரிகைகள் அலசு அலசென்று அலசின. பாட்டி ஒரே வரியில் முடித்தார்: ‘என்னை ஜெயிக்க விடாத கடைக்கு நான் ஏன் போக வேண்டும்?’ டி.எல்.சி. சேனலில் அப்போது ‘எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்’ என்று நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் டாலர் சாமானைச் சில்லறைக்கு வாங்கி வருகிற பெண்கள். கேரேஜ் முழுக்க டிஷ்யூ சுருள். பலரும் சிரித்தார்கள். பில் அடிக்கும்போது அந்தத் தொகை விறுவிறுவென்று கீழே இறங்குவதைப் பார்க்கிற அவர்கள் முகம் எனக்குப் புரிந்தது.

எம்.காம்.மில் விலை நிர்ணயப் பாடம் படித்தபோது புரியாத ஒன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது புரிந்தது. கூப்பன் கம்பெனிக்காரனின் கருணை இல்லை. ஒரே பற்பசைக்கு இரண்டு விலை வைக்க அது ஒரு வழி. நேரம் இல்லாதவளிடம் முழு விலையும், நேரம் கிடக்கிறவளிடம் குறைந்த விலையும் வாங்கிக்கொள்கிறான். யார் எந்தப் பக்கம் என்று அவன் கேட்கத் தேவையில்லை, கத்தரியை எடுக்கிறவள் தானே வந்து சொல்லிவிடுகிறாள். அச்சடிக்கிற கூப்பனில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கடைக்குத் திரும்புவதில்லை, மிச்சமெல்லாம் குப்பைக்குப் போகிறது. அந்த ஒன்றில் நான் இருந்தேன். என் நேரத்துக்கு விலை கிடையாது என்று விசா சொன்னது. சந்தை மட்டும் அதற்கு ஏதோ கொஞ்சம் கொடுத்தது.

2015 மே 26 முதல், கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் எச்-4 மனைவிமார் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதி வந்தது. நாங்கள் தாண்டியிருந்தோம். அட்டை வந்து, இலையுதிர் காலத்தில் ஒரு சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் சம்பளம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாசலிலேயே கிடந்தது. கூப்பன் வேண்டாம் என்று முடிவெடுத்து நிறுத்தியதாகச் சொல்ல முடியாது. வெட்டி வைத்தவை ஒவ்வொரு அறையாகக் காலாவதியாகிக்கொண்டே போயின. வரி சீஸன் வந்தது. மார்ச் மாதம் மறுபடி ராத்திரி ஒன்பது மணி. கணவர்தான் கடைக்குப் போனார். பற்பசையை 2.99 கொடுத்து வாங்கி வந்தார். நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. கிரைண்டரை அவரே கீழே இறக்கி வைத்தார். ‘உன் சீரியல் எனக்கு ஒத்துக்கல, ஏழு வருஷமாச் சொல்லல’ என்றார். சனிக்கிழமை மாவு அரைக்கிறது இன்றைக்கும் அவர் பொறுப்புதான், உளுந்தைக் கொஞ்சம் கூடப் போட்டுவிடுவார்.

2023 ஜூலையில் இந்தியா மறுபடி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. செய்தி வந்த ராத்திரியே ஓக் ட்ரீ ரோட்டில் கார் நிறுத்த இடமில்லை. சோனா மசூரி, பொன்னி மூட்டைகளை வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் போயிருந்தேன். பதினைந்து வருஷம் பலசரக்கு விலையைப் படித்தவள் என்ற மிதப்பில் இருந்தவளுக்கு அங்கே எதுவும் உதவவில்லை. எங்கள் சாப்பாட்டின் பெரிய செலவு எப்போதுமே இந்த மூட்டையில்தான் இருந்தது. அதன் விலை டெல்லியில் போடுகிற ஒரு கையெழுத்திலும் தஞ்சாவூர், கர்நாடக, ஆந்திர மழையிலும் இருந்தது. இரண்டு மூட்டை எடுத்தேன். அந்த வருஷம் முழுக்கச் சாயங்காலம் கோதுமை உப்புமா, ரவா தோசை, சிறுதானியம் என்று ஓட்டினோம். உண்மையிலேயே மளிகைச் செலவு இறங்கிய வருஷம் அதுதான்.

ஸ்டார்-லெட்ஜர் 2025 பிப்ரவரியில் அச்சை நிறுத்திவிட்டது. பாட்டிக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். பேப்பர் நிற்பதற்கு முன்பே அதில் வரும் கூப்பன்கள் இளைத்துப் போயிருந்தன, எல்லாம் செல்போன் செயலிக்குள் போய்விட்டது. கடை அலமாரியில் பெரிய எழுத்தில் ஒரு விலை ஒட்டியிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘டிஜிட்டல் கூப்பனுடன்’ என்று இருக்கும். பாட்டியிடம் மடக்கு போன்தான் இருக்கிறது. முப்பது நாற்பது வருஷம் வெட்டியவருக்கு இப்போது முழு விலை, வெட்டவே தெரியாத என் மகளுக்குத் தள்ளுபடி. அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து, வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என் போனிலிருந்து அவருக்கு வேண்டியதையெல்லாம் தட்டி வைக்கிறேன். பில் போடும் இடத்தில் எண்ணைச் சொன்னால் கழிந்துவிடும். இருந்தாலும் அவருக்குத் திருப்தி இல்லை. டிஜிட்டல் கூப்பனை ஷாப்ரைட்டில் இரட்டிப்பாக்குவதில்லை. ‘75 சென்டை 75 சென்டாகவே கொடுப்பதற்கு ஒரு மெஷின் எதற்கு?’ என்கிறார்.

சில சமயம் நான் தட்ட மறந்துபோவேன். அப்போது அந்த வாரத்து விளம்பரத் தாளில் வட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, நடைவண்டியைத் தள்ளியபடி நேராக சர்வீஸ் கவுன்டருக்குப் போய், எனக்கு ஸ்மார்ட்போன் இல்லை, இந்த விலையைக் கொடு என்று நிற்பார். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கேட்டுத்தான் பார்க்கலாமே. நான் கேட்பதில்லை. எனக்கு முன்னால் நாலு பேர் நின்றால் மூன்று டாலரை விட்டுவிட்டுக் காருக்கு வந்துவிடுகிறேன்.